காமன் ரயில்: பொருள், பிறப்பு, தமிழ்ச் சொல்

டீசல் கார்களின் பின்பக்கத்தில் சிஆர்டிஐ என்ற எழுத்துகளைப் பார்த்திருப்போம். விரித்துச் சொன்னால் காமன் ரயில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன். ஒரே தொழில்நுட்பத்தை டாடா டைகோர் என்றது, மாருதி டிடிஐஎஸ் என்றது, மஹிந்திரா சிஆர்டிஇ என்றது, மெர்சிடிஸ் சிடிஐ என்றது. பெயர்கள் பல. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றுதான். அந்தப் பொருளின் பெயரில் உள்ள ‘ரயில்’ என்ற சொல்தான் தமிழ் வாசகரைத் திசை திருப்புகிறது. நமக்கு ரயில் என்றால் ஓடும் வண்டி. அதனால் இதைத் தமிழாக்க முனைபவர் கை முதலில் போகும் இடம் ‘பொதுத் தண்டவாளம்’. அது தவறு. ஏன் தவறு என்பதைப் புரிந்துகொண்டால், இன்றைய டீசல் இன்ஜின் இயங்கும் விதத்தில் பாதி புரிந்துவிடும்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். பானெட்டைத் திறந்து, இன்ஜின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால், சிலிண்டர் ஹெட்டை ஒட்டி ஒரு தடித்த எஃகுக் குழல் படுத்திருக்கும். நான்கு சிலிண்டர் காரில் ஏறத்தாழ ஓர் அடி நீளம். கட்டைவிரலை விடச் சற்றே பருமன். ஆனால் உள்துளை மிகச் சிறியது, சுண்டுவிரல்கூட நுழையாது. மீதியெல்லாம் இரும்பு. அதன் மேலிருந்து நான்கு மெல்லிய எஃகுக் குழாய்கள் வளைந்து வளைந்து, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களுக்குப் போகும். ஐந்தாவது குழாய் பம்பிலிருந்து வரும். குழலில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கும். பல வண்டிகளில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் அதிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இதுதான் ரயில்.

சொல்லின் வேர் லத்தீன். ‘ரெகுலா’ என்றால் நேர்க்கோல், அளவுகோல். அது பழைய பிரெஞ்சில் ‘ரெய்ல்’ ஆகி இரும்புக் கம்பியைக் குறித்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியும், திரைச்சீலை மாட்டும் கம்பியும் அங்கே ரயில்தான். நீளமாக, நேராக இருந்து, பல பொருள்களைத் தாங்கும் கோல் என்பதே அடிப்படைப் பொருள். தண்டவாளத்துக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. தமிழ் அந்தப் பிந்திய பொருளை மட்டும் எடுத்து, பாதையின் பெயரை வண்டிக்கே சூட்டிக்கொண்டது. இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ‘ரெகுலேட்டர்’ என்ற சொல்லும் அதே ரெகுலாவிலிருந்து கிளைத்ததுதான். ‘ரயில் பிரஷர் ரெகுலேட்டர்’ கேட்டு உதிரிபாகக் கடைக்குப் போகிறவர், ஒரே வேர்ச்சொல்லை ஒரே மூச்சில் இரண்டு முறை சொல்கிறார்.

‘காமன்’ என்பதையும் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாருக்கும் உரியது என்பதே பொருள். ஊர்ப் பொதுக் கிணறு என்கிறோமே, அந்தப் பொது. எல்லாச் சிலிண்டர்களும் ஒரே குழலிலிருந்து எரிபொருளை எடுத்துக்கொள்கின்றன.

முன்பிருந்த முறையோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை தெரியும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 15இல் ஒரு பங்கு முதல் 18இல் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜின் முதல் இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. மாறியதெல்லாம் எரிபொருளை உள்ளே அனுப்பும் வழி. பாஷ் நிறுவனம் 1927இல் தயாரிக்கத் தொடங்கிய வரிசைப் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர், அதாவது ஏறி இறங்கும் தண்டு. அது ஏறும்போது அழுத்தம் பிறக்கும்; அந்த நொடியே பீய்ச்சல் நடக்கும்; இறங்கினால் அழுத்தம் போய்விடும். கிணற்றில் மாடு பூட்டி இறைக்கும் கவலை மாதிரி: மாடு நடக்கும்போதுதான் தண்ணீர் வரும், மாடு மெதுவாக நடந்தால் தண்ணீரும் மெதுவாகத்தான் வரும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அழுத்தம் குறைவு. டீசல் சரியாகத் தூளாகாது. புகை, இழுவைக் குறைவு, ‘கட கட’ சத்தம்.

காமன் ரயில் இதை ஏரிப் பாசனமாக மாற்றியது. பம்பின் வேலை குழலை நிரப்பி அழுத்தத்தோடு வைத்திருப்பது மட்டும்தான். எப்போது, எவ்வளவு திறந்துவிடுவது என்பதை மதகில் தீர்மானிப்பார்கள். இங்கே மதகு என்பது இன்ஜெக்டர், அதைத் திறந்து மூடும் ஆள் இசியு எனப்படும் இன்ஜின் கணினி. தேக்குவதும் திறப்பதும் தனித்தனி வேலைகள் ஆகிவிட்டன. இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர் இதுதான்.

அழுத்தம் அதிகம் என்பதுதான் காமன் ரயிலின் சிறப்பு என்று பலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. ஃபோக்ஸ்வாகன் தன் யூனிட் இன்ஜெக்டர் இன்ஜின்களில் (ஒவ்வோர் இன்ஜெக்டரிலும் தனிப் பம்ப்) ரயிலே இல்லாமல் 2,000 பாருக்கு மேல் அழுத்தம் எடுத்தது; ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். நேரடிப் பீய்ச்சலும் அதில் இருந்தது. ஆனால் அந்த அழுத்தம் இன்ஜினோடு சுழலும் கேம் ஷாஃப்ட் அமுக்கும் கணத்தில் மட்டுமே கிடைத்தது, தேக்கம் இல்லை. பிறகு அந்த நிறுவனமும் காமன் ரயிலுக்கு மாறியது.

எண்ணமும் புதிதல்ல. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் 1916இலேயே நீர்மூழ்கிக் கப்பல் டீசல் இன்ஜின்களில் பொதுக் குழலைப் பயன்படுத்தியது. அழுத்தம் ஏறத்தாழ 210 பார். காருக்கு இது வர, ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் திறந்து மூடும் மின்வால்வும் அதை ஆளும் கணினியும் பிறக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் டென்சோ 1995இல் லாரிக்குக் கொண்டுவந்தது. இத்தாலியில் ஃபியட் குழுமம் உருவாக்கியதை பாஷ் வாங்கி உற்பத்திக்குத் தயாராக்க, 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 அதைச் சுமந்து வந்த முதல் கார் ஆனது. அப்போது 1,350 பார். இன்று 2,000, 2,500 பார். 2,000 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் இரண்டு டன் எடை. உலகின் மிக ஆழமான கடலடியில்கூட அழுத்தம் ஏறத்தாழ 1,100 பார்தான். குழலின் சுவர் அவ்வளவு தடிமனாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

தேக்கி வைத்திருப்பதால் என்ன லாபம்? ஒரே சுழற்சியில் பலமுறை பீய்ச்சலாம். முதன்மைப் பீய்ச்சலுக்குச் சற்று முன் 1 முதல் 4 கன மில்லிமீட்டர் டீசலை மட்டும் விடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறத்தாழ 50 கன மில்லிமீட்டர். அதில் சிறு துளி இது. அந்தத் துளி எரிந்து அறையைச் சூடாக்கி வைக்கும். பின்னால் வரும் பெரும்பங்கு காத்திருந்து வெடிக்காமல், வந்ததும் சீராகப் பற்றும். பழைய டீசல் காரின் ‘கட கட’ சத்தம் குறைந்ததற்கு இந்தத் துளியே பெரும் காரணம். இழுவையும் கீழ் வேகத்திலேயே கிடைக்கும். ஸ்விஃப்ட் காரில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின், டர்போவின் துணையோடு நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 190 நியூட்டன் மீட்டர் இழுவை கொடுத்தது. ஆளேற்றிக்கொண்டு மலைப்பாதை ஏறுகிறவருக்கு இதன் பொருள், அடிக்கடி கியர் இறக்க வேண்டாம் என்பது.

தேக்கம்தான் பலம் என்றால், தேக்கம் உடையும் இடம்தான் பழுது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பழுது கண்டறிவது எளிது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் முதலில் இசியுவோடு இணைக்கும் ஸ்கேனரில் ரயில் பிரஷர், அதாவது குழலின் அழுத்தம் பாருங்கள். சுற்றும்போது அது 200 பார் அளவுக்கு ஏறாவிட்டால் (வண்டிக்கு வண்டி இந்த அளவு மாறும்) இசியு இன்ஜெக்டரைத் திறக்கவே உத்தரவு கொடுக்காது. அழுத்தம் ஏறாததற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: டேங்கிலிருந்து வரத்து இல்லை, அதாவது ஃபில்டர் அடைப்பு அல்லது ஏர் லாக் (குழாயில் காற்று சிக்குவது); பம்ப் தேய்ந்துவிட்டது, அல்லது தேங்கியது ஒழுகிப் போகிறது. மூன்றாவதைக் கண்டுபிடிக்க, மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் ஓர் அளவுக்குப்பி மாட்டி, ஓரிரு நிமிடம் ஓடவிடுவார்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியில் செல்ஃப் அடித்தே பார்ப்பார்கள். மூன்று குப்பியில் ஒரே அளவும் ஒன்றில் இரண்டு மூன்று மடங்கும் ஏறினால், குற்றவாளி அந்த ஒரு இன்ஜெக்டர். இதைச் செய்யாமல் பம்பை மாற்றுவது வீண் செலவு.

மாற்றும்போது இரண்டை விட்டுவிடக் கூடாது. பல இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீட்டு எண் பொறித்திருக்கும். அது அந்த இன்ஜெக்டர் எவ்வளவு கூடக்குறையப் பீய்ச்சும் என்பதன் பதிவு. அந்த எண்ணை இசியுவில் ஏற்றாவிட்டால் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஆட்டமும் புகையும் வரும். அடியில் இருக்கும் செப்பு வாஷரைப் புதிதாகவே போட வேண்டும். பழையதைப் போட்டால் சிலிண்டரில் எரியும் வாயு கசிந்து, ‘சப் சப்’ என்ற சத்தத்தோடு இன்ஜெக்டரைச் சுற்றிக் கரிய பிசின் படியும். பிறகு அதைக் கழற்றுவதே பெரும்பாடு.

இதைவிட முக்கியமானது கைப்பழக்கம். பழைய பம்ப் வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதே குழாய் நட்டைத் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது வழக்கம். காமன் ரயிலில் அதைச் செய்யவே கூடாது. கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலச் சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை அழுகும். அப்படிப் பட்டால் வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் வடியச் சில நிமிடம் விட்ட பிறகே நட்டில் ஸ்பேனர் வைக்கலாம்.

பம்புக்கு மசகு டீசல்தான். தனி ஆயில் பெரும்பாலான கார்ப் பம்புகளில் கிடையாது. அதனால் டேங்க் வற்ற வற்ற ஓட்டுவதும், ஃபில்டர் மாற்றியபின் ஏர் எடுக்காமல் செல்ஃபைப் போட்டு அடிப்பதும் பம்பைத் தேய்க்கும். தேய்ந்த உலோகத் துகள் குழலுக்கும் இன்ஜெக்டருக்கும் ரிட்டர்ன் வழியாக டேங்குக்கும் போய்ச் சேரும். பிறகு எல்லாவற்றையும் கழுவியாக வேண்டும். மண்ணெண்ணெய்க் கலப்படமும் தவறிப் போட்ட பெட்ரோலும் இதே தேய்மானத்தைத் தரும். பெட்ரோல் போட்டுவிட்டது தெரிந்தால் சாவியைத் திருப்பக்கூட வேண்டாம். பல கார்களில் திருப்பினாலே டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். 2020 ஏப்ரல் முதல் வரும் பிஎஸ்6 (மாசுக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் கந்தகம் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே. கந்தகம் நீக்கும்போது இயல்பான வழவழப்பும் குறைவதால், மசகுத் தன்மைக்கென்று சேர்மம் கலந்தே விற்கிறார்கள். ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்கச் சொல்லும் விளக்கு எரிந்தால் அன்றே வடித்துவிடுங்கள்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘பொதுக் குழாய்’ என்பது தண்டவாளத்தைவிட நன்று. ஆனால் குழாய் என்றதும் ஓட்டம்தான் நினைவுக்கு வரும், இருப்பு வராது. ஜெர்மானியர் இதைத் ‘தேக்குப் பீய்ச்சல் முறை’ என்று பொருள்படும் சொல்லால் தங்கள் கையேடுகளில் குறிப்பது சரியான பார்வை. தமிழில் தேக்கு என்ற வினை நமக்குப் பழகியது: தேக்கம், நீர்த்தேக்கம். எனவே காமன் ரயிலுக்குப் ‘பொதுத் தேக்குக்குழல்’ என்பதே பொருந்தும். பேச்சில் தேக்குக்குழல் போதும். ரயில் பிரஷர் ‘தேக்கழுத்தம்’. இன்ஜெக்‌ஷனுக்குச் ‘செலுத்துதல்’ என்பது மந்தமான சொல். மருத்துவ ஊசியின் நினைவையும் கொண்டுவரும். மாட்டின் மடியிலிருந்து பால் பீய்ச்சுவது போல அழுத்தத்தால் சீறி வருவதால் ‘பீய்ச்சல்’. இன்ஜெக்டர் ‘பீய்ச்சி’, முதலில் விடும் துளி ‘முன்பீய்ச்சல்’, ரிட்டர்ன் வழியாக ஒழுகுவது ‘மீள்கசிவு’. டீசல் ஒருவருடைய பெயர். வோல்ட், வாட் போல அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முழுப்பெயர்: பொதுத் தேக்குக்குழல் நேரடிப் பீய்ச்சல். ‘தேக்கழுத்தம் ஏறவில்லை, மீள்கசிவு பார்’ என்று பட்டறையில் ஒருவர் சொன்னால், எங்கே தேட வேண்டும் என்பது கேட்பவருக்கு அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடும்.