டிராவல் பபுள்: குமிழியா, வளையமா?

2020, 2021 ஆண்டுகளில் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட சொல் ‘டிராவல் பபுள்’. கொரோனா தொற்றை ஏறத்தாழ ஒரே அளவில் அடக்கி வைத்திருக்கும் இரண்டு மூன்று நாடுகள், தங்களுக்குள் மட்டும் தனிமைப்படுத்தல் இல்லாமல் ஆட்கள் போய்வரலாம் என்று செய்துகொள்ளும் ஏற்பாடுதான் அது. மற்ற நாட்டாருக்குக் கதவு சாத்தியே இருக்கும்.

இதன் தேவை ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது. ஒரு வாரம் ஊர் சுற்றப் போகிறவர், போன இடத்தில் 14 நாள், திரும்பி வந்து 14 நாள் அறைக்குள் கிடக்க வேண்டுமென்றால் ஏழு நாளுக்கு 35 நாள் செலவு. வேலைக்கோ சாவு வீட்டுக்கோ போகிறவர் பொறுத்துக்கொள்வார். சுற்றுலாப் பயணி, விசா கிடைத்தாலும் விமானம் பறந்தாலும் கிளம்பமாட்டார். 2019-இல் சுமார் 146 கோடியாக இருந்த உலகின் பன்னாட்டுச் சுற்றுலா வருகை 2020-இல் ஏறத்தாழ 40 கோடியாகச் சரிந்ததில் மூடிய எல்லைகளோடு இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

ஆங்கிலத்தில் ‘பபுள்’ நீர் கொப்பளிக்கும் ஒலியிலிருந்து பிறந்த சொல் என்பார்கள். பங்குச்சந்தை ஊதிப் பெருத்து உடைவதற்கும் அதே சொல். நோய்க்காலத்தில் வந்த பொருள் வேறு: உள்ளே இருப்பவருக்குக் காப்பு, வெளியே இருப்பவருக்குத் தடை. 2020 மார்ச்சில் நியூசிலாந்து ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களையே ‘பபுள்’ என்றது. பிறகு அதே சொல் நாடுகளுக்கும் பொருந்திக்கொண்டது.

எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் 2020 மே 15 அன்று தங்களுக்குள் எல்லைகளைத் திறந்தன. முந்தைய 14 நாளில் அந்த மூன்று நாடுகளுக்கு வெளியே போயிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆஸ்திரேலியா–நியூசிலாந்து ஏற்பாடு 2021 ஏப்ரல் 19-இல் தொடங்கியது. தனிமைப்படுத்தலுக்குப் போக வேண்டிய பயணிகளோடு கலந்துவிடாதபடி விமான நிலையத்தில் இவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார்கள். நடுவில் தொற்று தலைகாட்டி, திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் செலவு பயணியுடையது என்று நியூசிலாந்து அரசு முன்கூட்டியே எச்சரித்தது. ஜூலை 23-இல் ஏற்பாடு நின்றே போயிற்று. சிங்கப்பூர்–ஹாங்காங் கதை இன்னும் பரிதாபம். 2020 நவம்பர் 22-இல் நாளுக்கு ஒரு விமானம், 200 பேர் என்று தொடங்கவிருந்தது. மூலம் தெரியாத தொற்றுகளின் ஏழு நாள் சராசரி ஐந்தைத் தாண்டினால் இரண்டு வாரம் நிறுத்துவோம் என்று விதியும் எழுதி வைத்திருந்தார்கள். ஹாங்காங்கில் தொற்று கூடியதால் முதல் விமானத்துக்கு முந்தின நாளே தள்ளிவைத்தார்கள். 2021 ஆகஸ்டில் திட்டமே கைவிடப்பட்டது.

குமிழிக்கும் வழியில்லாத நாட்டில் எஞ்சுவது உள்நாட்டுச் சுற்றுலா. வெளிநாடு போக முடியாதவர்கள் உள்ளூரில் சுற்றுவார்கள், வரவு சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. உள்ளே வருகிறவர்கள் கொட்டுவதைவிடத் தன் மக்கள் வெளியே போய்ச் செலவழிப்பது அதிகமாக உள்ள நாட்டில்தான் அந்தக் கணக்கு தேறும். மாலத்தீவு போன்ற சிறு நாட்டுக்கு உள்நாட்டுப் பயணி ஏது? அது குமிழிக்குக் காத்திராமல் 2020 ஜூலை 15-இலேயே எல்லா நாட்டாருக்கும் திறந்தது. ஒரு தீவில் ஒரு விடுதி என்ற அமைப்பு கைகொடுத்தது. பெரிய நாட்டிலும் ஆள் மாறினால் தொழில் மாறும். உள்ளூர்ப் பயணி சொந்தக் காரில் வருவார், இரண்டு இரவு தங்குவார், சனிக்கிழமை அறை கிடைக்காது, செவ்வாய்க்கிழமை விடுதி காலி. பிறமொழி வழிகாட்டிக்கும் குழுப் பேருந்துக்காரருக்கும் வேலையே இல்லை.

இனி தமிழ்ச் சொல். ‘பயணக் குமிழி’ நேர்பெயர்ப்பு. குமிழ் என்றால் உருண்டு புடைத்தது. இலங்கையில் மின்விளக்கு மின்குமிழ், பால்பாயிண்ட் பேனா குமிழ்முனைப் பேனா. ஆனால் குமிழி என்றதும் தமிழ்க் காதில் விழுவது பாதுகாப்பல்ல, நிலையாமை. ‘நீரிற் குமிழி இளமை’ என்றார் குமரகுருபரர். கிரிக்கெட் வீரர்களை வெளியாட்களோடு கலக்காமல் வைத்த ‘பயோ பபுளை’ப் ‘பாதுகாப்பு வளையம்’ என்று எழுதியது அந்த வகையில் நல்ல தேர்வு. அதே வழியில் ‘பயண வளையம்’ என்பதே என் முதல் விருப்பம். நடந்ததைப் பார்த்தால் குமிழியும் பிழையில்லைதான்!

‘ஏர் பபுள்’ வேறு சரக்கு. இந்தியா 2020 மார்ச் 23 முதல் 2022 மார்ச் 27 வரை வழக்கமான பன்னாட்டு விமானச் சேவையை நிறுத்தியிருந்தபோது, சில நாடுகளோடு தனித்தனியே விமானம் இயக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது. தனிமைப்படுத்தல் விலக்கு அதில் அடங்காது. குழுவாக வாடகைக்கு அமர்த்திய தனி விமானங்களில் அல்லாமல் மற்ற விமானங்களில் வருவோருக்குச் சுற்றுலா விசாவே 2021 நவம்பர் 15-இல்தான் மீண்டும் வந்தது. எனவே இதை ‘இருநாட்டு விமானச் சேவை ஏற்பாடு’ என்று விரித்தே எழுதலாம். ‘காற்றுக் குமிழி’ என்றால் மீன் தொட்டிதான் நினைவுக்கு வரும்.