ஆவணமா, அரும்பொருளா?

டெக்சாஸ் மாநிலத்தின் பழைய அரசு ஏடுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர், ‘ஆர்க்கைவ்ஸ்’ என்பதை ‘அரும்பொருள் சேகரிப்பு’ என்று பெயர்ப்பதை அண்மைக்காலமாகப் பலமுறை படித்துவிட்டேன். இது பிழையான பெயர்ப்பு.

கிரேக்கத்தில் ‘அர்க்கேயோன்’ என்பது ஆட்சிப் பொறுப்பாளரின் அலுவல் மனை. இலத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து ‘ஆர்க்கைவ்ஸ்’ ஆன அச்சொல், இன்று ஏடுகளையும் அவை இருக்கும் இடத்தையும் ஒருங்கே குறிக்கிறது.

‘அரும்பொருள்’ என்றதும் அரிதாகக் கிடைப்பது, பார்த்து வியப்பதற்குரியது என்ற எண்ணமே நமக்கு எழும். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் மாநில நூலக, ஆவணக் காப்பக ஆணையத்தில் 1836இல் மெக்சிகோப் படை முற்றுகையிட்டிருந்த அலமோ கோட்டையிலிருந்து அதன் தளபதி டிராவிஸ் எழுதிய கடிதம் இருக்கிறது, அது அரியதுதான். ஆனால் அங்கு நிறைந்து கிடப்பவை ஓய்வூதிய விண்ணப்பங்கள், டெக்சாஸ் தனி நாடாக இருந்த குடியரசுக் காலத்தில் அரசிடம் பணம் கேட்டு மக்கள் கொடுத்த கோரிக்கைத் தாள்கள் போன்ற எளிய ஏடுகளே. அரசு அலுவலின்போது பிறந்து, பின்னாளில் சான்றாக நிற்பதால்தான் அவற்றுக்கு மதிப்பு, அருமையால் அன்று. ‘சேகரிப்பு’ என்பதும் பொருந்தாது. அஞ்சல்தலை சேர்ப்பவர் விரும்பியதைத் தேடிச் சேர்க்கிறார். அலுவலக ஏடுகளோ பிறந்த வரிசை குலையாமல் வந்து சேர்பவை. அவற்றை ‘ஆவணத் தொகுதி’ எனலாம்.

ஆவணம் என்ற சொல்லின் வலிமையைப் பெரியபுராணத்தில் காணலாம். சுந்தரரைத் தமக்கு அடிமை என்று வழக்காடும் முதியவரிடம் ஆட்சி (வழக்கம்), ஆவணம் (எழுத்துச் சான்று), காட்சி (நேரில் கண்டோர் சாட்சி) என்னும் மூவகைச் சான்றுகளுள் ஒன்றை அவை கேட்கிறது. அவர் காட்டிய மூல ஓலையின் கையெழுத்து, காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது. காத்துவைத்த ஏடு வழக்கைத் தீர்க்கிறது. ‘ஆர்க்கைவ்ஸ்’ செய்யும் வேலையும் இதுவே.

இன்னொரு பிழை, டெக்சாஸ் வரலாற்றில் ‘ஆர்க்கைவ் வார்’ எனப்படும் நிகழ்வை ‘ஆவணக் காப்பகப் போர்’ என்று பெயர்ப்பது. 1842இல் மெக்சிகோப் படைகள் சான் அன்டோனியோவுக்குள் புகுந்ததைக் காரணமாகக் காட்டி, டெக்சாஸ் குடியரசின் அதிபர் சாம் ஹூஸ்டன் அரசு ஏடுகளை ஆஸ்டினிலிருந்து அகற்ற முனைந்தார். தலைநகர் என்ற நிலையே பறிபோகும் என்று ஊரார் அஞ்சினர். டிசம்பர் 30 அன்று நில அலுவலகத்தின் ஏடுகள் வண்டிகளில் ஏற்றப்படுவதைக் கண்ட விடுதி உரிமையாளர் ஏஞ்சலினா எபர்லி, பீரங்கியைச் சுட்டு ஊரை எழுப்பினார். ஊரார் துரத்திச் சென்று, உயிர்ச்சேதமின்றி ஏடுகளை மீட்டுவந்தனர். வண்டியேறியவை நில உரிமைத் தாள்கள். கட்டடம் எங்கும் போகவில்லை. ‘ஆவணப் போர்’ என்பதே சரி. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர், அங்கே நடந்தது என்ன என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்திருந்தால் இத்தவறு நேர்ந்திராது.

ஏடுகள் இருக்கும் இடத்தை ‘ஆவணக் காப்பகம்’ என்கிறோம். ‘காப்பகம்’ முதியோர் இல்லத்தை நினைவூட்டுகிறது என்று சொல்லி, சோழர் காலத்து ‘ஆவணக்களரி’யை மீட்க விரும்புவோரும் உள்ளனர். பழந்தமிழ்ச் சொற்கள்மீது எனக்கும் பற்று மிகுதி. ஆயினும் களரி, ஆவணங்களைப் பதிவு செய்த இடம். நெடுங்காலம் காத்த இடம் அன்று. ‘ஆவண’ என்ற அடை முன்னிற்கும்போது ‘காப்பகம்’ யாரையும் குழப்பாது.