செத்த எலியைத் தெருவில் வீசாதீர்கள்

எலியால் வரும் நோய் என்றால் நம் ஊரில் உடனே எலிக்காய்ச்சலைச் சொல்வார்கள். அது பாக்டீரியா, எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் பரவுவது. குழந்தை மருத்துவராக நான் இங்கே சொல்ல வந்தது வேறொன்று: நகரத்து எலிகளின் கல்லீரலில் வாழும் 'கேப்பிலேரியா ஹெப்பாட்டிகா' என்ற புழு.

முடி போல மெல்லிய இந்தப் புழு கல்லீரலுக்குள்ளேயே முட்டையிடும். அந்த முட்டைகள் எலியின் புழுக்கையில் வெளியேறாது. எலி செத்து அழுக வேண்டும். இல்லையென்றால் பூனையோ நாயோ அதைத் தின்று, மலத்தோடு மண்ணில் விட வேண்டும். ஈரமண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்த பிறகு, வாய்க்குள் போனால்தான் அந்த முட்டை தொற்றும். இந்த விஷயத்தில் ஓடுகிற எலியைவிடச் செத்த எலிதான் ஆபத்து. நாமோ பொறியில் சிக்கிய எலியை வாலைப் பிடித்துத் தூக்கித் தெருவோரம் போடுகிறோம். மிச்சத்தைக் காக்கையும் நாயும் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு.

1930-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பிடித்த எலிகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் இந்தப் புழு இருந்தது. மனிதரில் முதல் தொற்று 1924-இல் பதிவானது. இந்தியாவில் பணியாற்றிய ஒரு பிரிட்டிஷ் சிப்பாய்க்கு. 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு உலகம் முழுவதும் 72 கல்லீரல் தொற்றுகளைத்தான் கணக்கிட்டது. அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் தேடாமல் கண்டுபிடிக்க முடியாத நோய் இது.

விடாத காய்ச்சல், வீங்கிய கல்லீரல், ரத்தத்தில் ஏகத்துக்கு உயர்ந்த ஈசினோபில் என்ற வெள்ளையணு. இந்த மூன்றும் ஒரு சின்னக் குழந்தையிடம் சேர்ந்திருந்தால் நான் கேட்கும் கேள்வி: "மண் தின்னுமா?" அம்மா "இல்லை டாக்டர்" என்பார். திட்டுவேனோ என்ற பயம். பக்கத்தில் இருக்கும் பாட்டிதான், "அதெல்லாம் திங்கும் டாக்டர், சுவத்தைக்கூட நக்கும்" என்று உடைத்துச் சொல்வார். அந்த ஒரு பதில் பல பரிசோதனைகளுக்குச் சமம். தயவுசெய்து மறைக்காதீர்கள். மண் தின்பது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே வரும்; ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுத்தால் பழக்கமும் பெரும்பாலும் குறையும்.

மலப் பரிசோதனை இங்கே உதவாது. மலத்தில் இந்த முட்டை தெரிந்தால், தொற்றுள்ள விலங்கின் ஈரலைச் சாப்பிட்டு அது அப்படியே வெளியேறியது என்றுதான் பொதுவாக அர்த்தம். உறுதிசெய்யக் கல்லீரலில் ஊசி போட்டுத் துளி சதை எடுக்க வேண்டும். அதற்கு முன், நாய்ப்புழு போன்ற சாதாரணக் காரணங்கள் இல்லையா என்று பார்ப்போம். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஒரே வேளையாகத் தரும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. அதே மருந்தை நாள்கணக்கில், பெரும்பாலும் ஸ்டீராய்டோடு, மருத்துவர் கண்காணிப்பில் தர வேண்டியிருக்கும்.

சரி, வீட்டில் எலி செத்துக் கிடந்தால்? கையுறை போட்டு இரண்டு கவர்களில் கட்டி, பூனை நாய் இழுக்காதபடி மூடிய தொட்டியில் வையுங்கள். குப்பை வண்டி வரும்போது, உள்ளே செத்த எலி இருக்கிறது என்று தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். குழந்தை விளையாடும் இடத்தில் மேலாகக் குழி தோண்டிப் புதைக்காதீர்கள்.