பாக்டீரியாவுக்கு எதற்கு 2,500 வோல்ட்?

"இன்சுலின் ஜீனை பாக்டீரியாவுக்குள் செலுத்தினார்கள் என்று புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எப்படி, ஊசி போட்டா?" என்று கேட்டிருக்கிறார் பிளஸ் டூ மாணவி ஒருவர். இதற்கு வழக்கமாக எடுக்கும் ஈ. கோலை பாக்டீரியாவின் தடிமனே ஒரு மைக்ரோமீட்டர்தான். அதைக் குத்த ஊசிக்கு எங்கே போவது?

டிஎன்ஏவுக்கு நெகட்டிவ் சார்ஜ், செல்லின் மேற்பரப்புக்கும் அதே. சும்மா கலந்து வைத்தால் ஒட்டாது. கால்சியம் குளோரைடில் ஊறவைத்து, ஐஸிலிருந்து எடுத்து 42 டிகிரியில் ஒரு நிமிடம்போல் சூடு காட்டுவது பழைய வழி. கல்லூரி லேபுகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. எனக்குப் பிடித்தது ஷாக் கொடுப்பது, அதாவது எலக்ட்ரோபொரேஷன். 1988-இல் டவர், மில்லர், ராக்ஸ்டேல் மூவரும் ஈ. கோலையில் இதைச் செய்து, ஒரு மைக்ரோகிராம் டிஎன்ஏவை வைத்து நூறு கோடிக்கும் அதிகமான செல்களுக்குள் அதைச் செலுத்திக் காட்டினார்கள்.

கியூவெட் என்ற குட்டி டப்பாவுக்குள் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே பாக்டீரியா செல்களும் டிஎன்ஏவும். 2,500 வோல்ட் பாயும்; ஐந்தே மில்லிசெகண்டில் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். விலங்குச் செல்லுக்கு இதில் பத்தில் ஒரு பங்கே போதும். பொடிசுக்கு ஏன் இவ்வளவு பெரிய அடி?

மழைக்காலத்தில் மின்கம்பி அறுந்து விழுந்தால் மாடு சாகும், பக்கத்தில் நின்ற ஆள் பிழைத்துக்கொள்வார். தரையில் கம்பியிலிருந்து தள்ளிப்போகப்போக வோல்டேஜ் குறையும். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே தூரம் அதிகம் என்பதால் மாட்டின் மேல் விழும் வித்தியாசமும் அதிகம். கால்களைச் சேர்த்து நிற்பவருக்கு அது கொஞ்சம்தான். பாக்டீரியா, கால்களைச் சேர்த்து நிற்கும் ஆள்; அதனால்தான் அதற்குப் பெரிய அடி. கணக்கும் எளிது: மின்புலம், செல்லின் ஆரம், ஒன்றரை என்ற எண், மூன்றையும் பெருக்க வேண்டும். 2,500 வோல்ட்டை 2 மில்லிமீட்டருக்குப் பங்கிட்டால் மைக்ரோமீட்டருக்கு 1.25 வோல்ட், அரை மைக்ரோமீட்டர் ஆரம், கிட்டத்தட்ட 0.94 வோல்ட் வருகிறது. டார்ச் பேட்டரியில்கூட இதைவிட அதிகம். ஆனால் அது மொத்தமும் விழுவது 5 நானோமீட்டர் கொழுப்புச் சவ்வின்மேல். சவ்வு தாங்காது; தண்ணீர் புகுந்து துளைகள் விழும். அதே மின்புலம் டிஎன்ஏவையும் துளைக்குள் தள்ளிவிடும். செல்களில் கணிசமானவை செத்துப்போகும், அது கணக்கில் சேர்த்ததுதான்.

உப்பு மட்டும் ஆகாது. செல்களை ஜில்லென்ற தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் மின்சாரம் ஒரேயடியாகப் பாய்ந்து 'டப்' என்று வெடிக்கும், சாம்பிள் போச்சு. நான் வேலை பார்த்த லேபில் இப்படி வெடித்த நாளில், ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு அழிந்ததுதான் காரணம் என்று கருவிக்குப் புதுப் பொட்டு வைத்தார் ஒரு சீனியர். டிஎன்ஏவை உப்புக் கரைசலோடு அப்படியே ஊற்றியது அவர்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய கியூவெட்டைக் கழுவிக் கழுவிப் பத்தாவது முறை ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பது வேறு கதை. பொட்டு வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கியூவெட் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும்.

ஷாக் முடிந்த கையோடு ஊட்டக் கரைசலை ஊற்றிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாமதித்தாலும், டிஎன்ஏ ஏறிய செல்கள் பெருகி உண்டாகும் காலனிகள் மூன்றில் ஒன்றாகிவிடும். சீனியர் அந்த நேரத்தில்தான் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்.