ஹில்லெல்: விடுதியா, சங்கமா, மன்றமா?

அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கும் யூத மாணவர்கள் 'வெள்ளிக்கிழமை இரவு ஹில்லெலில் சாப்பிட்டோம்' என்று சாதாரணமாகச் சொல்வார்கள். இதைத் தமிழில் எழுதும்போது 'யூத விடுதி' என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் ஹில்லெல் பொதுவாகத் தங்கும் இடம் அல்ல. வெறும் ஜெப ஆலயமும் அல்ல. கல்லூரியில் யூத மாணவர்களுக்கான அமைப்பு அது; அவர்கள் கூடும் இடத்துக்கும் அதே பெயர்.

முதலில் அது ஓர் ஆளின் பெயர். ஹ-ல-ல என்ற எபிரேய வேருக்குப் புகழ்தல், துதித்தல் என்று பொருள். நமக்குப் பழகிய 'அல்லேலூயா'வும் அதே வேரில் பிறந்ததுதான். தமிழ் வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் அப்தோன் என்பவரின் தகப்பன் பெயர் 'இல்லேல்' என்று வருகிறது. அதுவும் இந்தப் பெயரே. அல்லேலூயாவில் போனது போல இங்கேயும் ஹகரம் போய்விட்டது.

ஆனால் கல்லூரி அமைப்புக்குப் பெயர் தந்தவர் வேறொரு ஹில்லெல். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்த அறிஞர். அவர் மாணவராக இருந்த காலத்தைப் பற்றி, யூதச் சட்டங்களையும் மரபுகளையும் தொகுத்த தல்மூதில் ஒரு கதை உண்டு. தினக்கூலியில் பாதியைப் பாடசாலை வாயிற்காவலனுக்குக் கொடுத்துத்தான் உள்ளே போவாராம். ஒருநாள் வேலை கிடைக்கவில்லை, காவலன் விடவில்லை. கூரைமேல் ஏறி, வெளிச்சம் வரும் திறப்பின்மேல் படுத்துப் பாடம் கேட்டார். குளிர்காலம், வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் பனி கொட்டியது. விடிந்ததும், 'இன்று ஏன் அறை இருட்டாக இருக்கிறது?' என்று ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தால், மேலே ஒரு மனித உருவம்! மூன்று முழப் பனிக்கு அடியிலிருந்து அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, நெருப்பருகே உட்கார வைத்தார்கள். வெள்ளி மாலையே தொடங்கிவிடும் யூத ஓய்வுநாளில் செய்யக்கூடாத வேலைகள்தான் எல்லாம். இவருக்காக ஓய்வுநாளை மீறலாம் என்றார்கள். மாணவர் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

முதல் ஹில்லெல் 1923இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யூத மாணவர்களுக்குத் தங்கள் மரபே தெரியவில்லையே என்று வருந்தி, ஏதாவது செய்யத் தூண்டியவர் எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்ற கிறிஸ்தவப் பேராசிரியர். நடத்தியவர் பெஞ்சமின் ஃபிராங்கெல் என்ற இளம் ரபி, அதாவது யூத மதகுரு. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹார்வர்டின் தலைவர் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டப் பார்த்தார். அப்படிப்பட்ட காலத்தில் நம்முடையது என்று சொல்ல ஓர் இடம் கிடைத்தது சின்ன விஷயம் இல்லை.

இன்று ஒரு ஹில்லெலுக்குள் போனால் யூத உணவு விதிப்படி சமைத்த கோஷர் சாப்பாடு இருக்கும், ஓய்வுநாள் வழிபாடு நடக்கும், பஸ்காவுக்கு ஊர் போக முடியாதவர்களுக்கு விருந்து இருக்கும். பழமைவாதிகளும் சீர்திருத்தப் பிரிவினரும் தனித்தனி அறைகளில் தொழுதுவிட்டு, அப்புறம் ஒரே பந்தியில் உட்காருவதும் உண்டு.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பெயராக வரும்போது 'ஹில்லெல்' என்றே எழுதலாம். 'இல்லேல்' என்று எழுதினால் 'இல்லையென்றால்' என்று வாசித்துவிடுவார்கள். பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் 'யூத மாணவர் மன்றம்' என்பேன். 'சங்கம்' ஆட்களை மட்டும் சுட்டுகிறது, 'இல்லம்' கட்டடத்தை மட்டும். மன்றம் இரண்டையும் சுட்டும்: பழந்தமிழில் அது ஊரார் கூடும் மரத்தடிப் பொதுவெளி, நம் கல்லூரிகளில் தமிழ் மன்றம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பல கல்லூரிகளின் அருகே 'ஹபாத்' இல்லங்கள் இருக்கின்றன. அது ஹசிதியர் என்ற பக்திப் பிரிவு யூதர்களின் இயக்கம். ஞானம், புரிதல், அறிவு என்ற மூன்று எபிரேயச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். Chabad என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சபாத்' என்று எழுதினால் ஓய்வுநாளைக் குறிக்கும் 'ஷபாத்' என்று படித்துவிடுவார்கள். இயக்கத்தை 'ஹபாத்' என்றும், நாளை வேதாகமத் தமிழில் உள்ளபடி 'ஓய்வுநாள்' என்றும் எழுதினால் போதும்.