இத்தாலிய வைன்: கழுத்திலுள்ள முத்திரையைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

ஃபுளோரன்ஸ் நகரின் வைன் கடையொன்றில் வாடிக்கையாளர்களுக்குப் பொருத்தமான வைனைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். அண்மையில் ஒருவர், நான் எடுத்துவைத்த தொஸ்கானா வைனின் லேபிளைப் பார்த்துவிட்டு, "டி.ஓ.சி.ஜி. இல்லாததை ஏன் காட்டுகிறீர்கள், நல்லதாகக் கொடுங்கள்" என்று கடிந்துகொண்டு, அதைவிடக் கூடுதல் விலைக்கு வட இத்தாலியின் சிவப்பு வைனான பரோலோவில் மிக இளமையான ஒன்றை வாங்கிச் சென்றார். அன்றிரவே விருந்தில் அதைத் திறந்திருக்கிறார். மறுநாள் வந்து, துவர்ப்பு தாங்காமல் விருந்தினர் பாதியிலேயே வைத்துவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

டி.ஓ.சி.ஜி. என்பது இத்தாலியச் சட்டம் ஒரு வைனின் பிறப்பிடத்துக்குத் தரும் உயர்ந்த அங்கீகாரம்; பாட்டிலின் கழுத்தில் ஒட்டப்படும் முத்திரைதான் அதன் அடையாளம். 1963-ஆம் ஆண்டுச் சட்டம் டி.ஓ.சி., அதற்கு மேலான டி.ஓ.சி.ஜி. ஆகிய இரண்டு படிகளை வகுத்தது, முதல் டி.ஓ.சி.ஜி. வைன்கள் 1980-இல்தான் வந்தன. அந்த முத்திரை எதற்கு உறுதி கூறுகிறது என்பதைத் தயவுசெய்து ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். திராட்சை குறிப்பிட்ட எல்லைக்குள் விளைந்தது, அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது, ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவுக்கு மேல் அறுவடை செய்யப்படவில்லை, விதித்த காலம் வரை பாதுகாத்து வைக்கப்பட்டது ஆகியவற்றுக்குத்தான் அது உறுதி. விற்பனைக்கு முன் ஒரு குழு அதைச் சுவைத்தும் பார்க்கிறது என்பது உண்மை; ஆனால் அக்குழு பார்ப்பது வைனில் குறை ஏதும் இருக்கிறதா, அந்தப் பெயருக்குரிய இயல்பு அதில் இருக்கிறதா என்பதை மட்டுமே. அது சிறந்த வைனா, நீங்கள் கொடுக்கும் விலைக்குத் தகுந்ததா, இன்றிரவு குடிக்கப் பக்குவமானதா என்ற கேள்விகளை அக்குழுவிடம் யாரும் கேட்பதில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்து ஒருவரின் குணத்தை எடைபோட முடியாது என்பது தெரிந்தவர்களே வைன் வாங்கும்போது அதை மறந்துவிடுகிறார்கள்.

முத்திரை இல்லாதது இரண்டாம் தரம் என்ற நம்பிக்கைக்குத் தொஸ்கானாவின் அண்மை வரலாறே போதுமான மறுப்பு. தொஸ்கானாவின் சிவப்பு வைனான கியாந்தியில் சாஞ்ஜோவேசே என்ற கறுப்புத் திராட்சையுடன் திரெபியானோ, மால்வாசியா போன்ற வெள்ளைத் திராட்சைகளையும் கலந்தே தீரவேண்டும் என்று விதி ஒருகாலத்தில் கட்டாயப்படுத்தியது. தரத்தை உயர்த்த விரும்பிய சில தயாரிப்பாளர்கள், வைனை மெலிதாக்கும் அந்தக் கலப்பை ஏற்க மறுத்து, கியாந்தி என்ற பெயரையே துறந்தார்கள். அந்தினோரி குடும்பத்தின் தினியனெல்லோ 1971 அறுவடையிலிருந்து, சட்டப்படி மிகத் தாழ்ந்த படியான 'மேசை வைன்' என்ற பெயரில் வெளிவந்தது. கடலோரப் பகுதியான போல்கெரியில் கபெர்னே சோவிஞோன் திராட்சையைக் கொண்டு செய்யப்படும் சாஸ்ஸிகாயாவும் 1968 அறுவடை முதல் பல ஆண்டுகள் அதே மேசை வைனாகத்தான் விற்கப்பட்டது. முழுக்க முழுக்கச் சாஞ்ஜோவேசேயால் ஆன லெ பெர்கொலே தோர்த்தே என்ற வைன், கியாந்தியின் பழைய எல்லையான கியாந்தி கிளாசிகோவின் நடுப்பகுதியான ராத்தாவில் விளைந்தும் அந்தப் பெயரைத் தாங்குவதில்லை. இத்தகைய வைன்களுக்கு ஓர் இடம் கொடுப்பதற்காகவே 1992-இல், டி.ஓ.சி.க்குக் கீழே, விதிகள் தளர்ந்த ஐ.ஜி.டி. என்ற புதிய படி உருவாக்கப்பட்டது. தினியனெல்லோ இன்றும் ஐ.ஜி.டி.தான்; சாஸ்ஸிகாயா இன்றும் டி.ஓ.சி.தான். என் வாடிக்கையாளர் ஒதுக்கித் தள்ளியதும் இந்த மரபில் வந்த ஒரு வைன்தான். கியாந்தி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சை முற்றிலுமாகத் தடை செய்யப்பட்டது 2006 அறுவடையிலிருந்து. அதாவது, விதியை மீறியதாகச் சொல்லப்பட்டவர்கள் செய்ததையே விதி பின்னாளில் ஏற்றுக்கொண்டது.

மறுபுறத்தையும் பாருங்கள். இன்று 70-க்கும் மேற்பட்ட வைன்கள் டி.ஓ.சி.ஜி. தகுதியைப் பெற்றுள்ளன. வெள்ளை வைன்களில் முதன்முதலாக அத்தகுதி பெற்றது 1987-இல் ரொமாஞாவின் அல்பானா. அப்போதே பலர் அதை எதிர்த்துக் கேள்வி எழுப்பினார்கள். ஃபுளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் இடைப்பட்ட குன்றுகளில் விளையும் கியாந்தி கிளாசிகோவும் டி.ஓ.சி.ஜி., தொஸ்கானாவின் மிகப் பரந்த நிலப்பகுதியில் செய்யப்படும் சாதாரணக் கியாந்தியும் டி.ஓ.சி.ஜி. என்றால், அந்த நான்கு எழுத்துகளை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியவரும்?

பெயர்களில் இன்னொரு குழி இருக்கிறது. மோந்தெபுல்ச்சானோ என்பது தொஸ்கானாவில் உள்ள ஓர் ஊர். அதே பெயரில் ஒரு திராட்சையும் உண்டு. 'வீனோ நோபிலே தி மோந்தெபுல்ச்சானோ' அந்த ஊரின் வைன், அதில் பெரும்பகுதி சாஞ்ஜோவேசே. 'மோந்தெபுல்ச்சானோ த'அப்ரூட்ஸோ' அத்திராட்சையைக் கொண்டு அப்ரூட்ஸோ மாநிலத்தில் செய்யப்படுவது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இரண்டாவதில் மிக அருமையான வைன்கள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலாவதை நினைத்துக்கொண்டு இரண்டாவதை வாங்கிவிட்டு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்கு வராதீர்கள். 'கிளாசிகோ' என்றால் அந்த வைன் தோன்றிய பழைய எல்லைக்குள் விளைந்தது, 'சுப்பெரியோரே' என்றால் பொதுவாக ஆல்கஹால் அளவு சற்றுக் கூடுதல், 'ரிசெர்வா' என்றால் கூடுதல் காலம் வைத்திருந்து விற்பது. இம்மூன்றில் எதுவும் மதிப்பெண் அல்ல.

ஆகவே பாட்டிலை எடுத்ததும் முதலில் தயாரிப்பாளரின் பெயரைப் படியுங்கள். பகுதியின் பெயர் அதற்கு அடுத்ததுதான். 'இம்பொத்திலியாத்தோ அல்லொரிஜினே' என்று அச்சிடப்பட்டிருந்தால், திராட்சையை விளைவித்தவரே பாட்டிலிலும் அடைத்திருக்கிறார் என்று பொருள். மொத்தமாக வாங்கி அடைப்பவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக்காட்டும் வரி அது. அறுவடை ஆண்டைப் பாருங்கள். நெபியோலோ திராட்சையிலிருந்து மட்டுமே செய்யப்படும் பரோலோ, சட்டப்படி 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், இருந்த பிறகே கடைக்கு வருகிறது. அப்படி வந்தவுடன் அது குடிக்கத் தயார் என்று எண்ணிவிடாதீர்கள், நல்ல பரோலோ பெரும்பாலும் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கக் கேட்கும். அதற்கு நேர்மாறாக, சாதாரணப் புரோசெக்கோ, மொஸ்காத்தோ தாஸ்தி போன்ற நுரைக்கும் வைன்களைத் திருமண நாள் நினைவாகப் பத்தாண்டு அலமாரியில் வைத்துவிட்டுக் கொண்டுவந்து காட்டுபவர்கள் இருக்கிறார்கள். அவை இளமையில் குடிக்க வேண்டியவை. அந்தப் பாட்டிலை அவர்கள் எவ்வளவு அன்போடு வைத்திருந்தார்கள் என்பது தெரிவதால், அதில் இனி எதுவும் மிஞ்சியிருக்காது என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இணையத்தில் பெரும் தள்ளுபடியில் சாஸ்ஸிகாயா கிடைக்கிறதென்றால் வாங்காதீர்கள். 2020-இல் இத்தாலிய நிதிக் காவல் துறை கண்டுபிடித்த போலிச் சாஸ்ஸிகாயாவில், சிசிலியிலிருந்து வந்த வைன் துருக்கியப் பாட்டில்களில் அடைக்கப்பட்டு, பல்கேரியாவில் தயாரான லேபிள்கள் ஒட்டப்பட்டிருந்தன. நம்பகமான கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், பதில் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம்.

லேபிளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ஆல்கஹால் விழுக்காட்டைப் பெரும்பாலோர் படிப்பதே இல்லை. மொஸ்காத்தோ தாஸ்தியில் அது ஏறக்குறைய 5. உலர்த்திய திராட்சையிலிருந்து செய்யப்படும் அமரோனேயில் 15-ஐயும் தாண்டும். ஆனால் இரண்டும் ஒரே அளவு கோப்பையில், ஒரே வேகத்தில் ஊற்றப்படுகின்றன. இத்தாலியில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம்; உரிமம் பெற்று மூன்றாண்டு நிறையாதவர்களுக்குத் துளியும் அனுமதி இல்லை. அமரோனேயைத் திறப்பதானால், வீட்டுக்கு வண்டி ஓட்டப்போவது யார் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அவர் கோப்பையில் தண்ணீரை ஊற்றுங்கள்.