சொல் விளக்கம்: கேட்டகிசம்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு வேதபாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "விசுவாசம் கேள்வியினாலே வரும்" என்று பைபிளில் உள்ள ரோமர் நிருபத்தின் வசனத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அப்போ நிறையக் கேள்வி கேட்டா விசுவாசம் வந்துருமா?" இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது என்று சொல்லி உட்காரவைத்தேன். நான் சொன்ன பொருள் சரிதான். ஆனாலும் அவளை அவ்வளவு சீக்கிரம் உட்காரவைத்திருக்க வேண்டாம். 'கேட்டகிசம்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போனபோதுதான் அது எனக்கு உறைத்தது.

கேட்டகிசம் என்றால் கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படைகளைப் பிள்ளைகளுக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் கற்றுக்கொடுப்பது. அதற்கான கேள்வி-பதில் புத்தகத்துக்கும் அதே பெயர்தான். "கேட்டகிசம் கிளாஸ் இருக்கு, சீக்கிரம் கிளம்பு" என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடுகளில் குரல் கேட்கும். நாம் ஆங்கிலத்தின் வழியாக எடுத்துக்கொண்ட சொல். ஆங்கிலத்துக்கு அது லத்தீனிலிருந்தும், லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்தும் வந்தது.

கிரேக்கத்தில் 'கட்டேக்கேயோ' என்று ஒரு வினைச்சொல். 'கட்டா' என்றால் கீழ்நோக்கி, 'ஏக்கோஸ்' என்றால் ஒலி. ஒருவருடைய காதுக்குள் இறங்கும்படி ஒலிப்பது என்று பொருள். மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டால் திரும்பி வருகிறதே எக்கோ, அதுவும் இந்த வேரில் பிறந்ததுதான். லூக்கா தன் சுவிசேஷத்தை எழுதத் தொடங்கும்போது, யாருக்காக அதை எழுதினாரோ அந்தத் தெயோப்பிலு கற்றுக்கொண்டவற்றைக் குறிக்க இந்த வினையைத்தான் எடுத்தார். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'உபதேசிக்கப்பட்ட' என்று சொல்லும். ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களை லத்தீனில் 'கேட்கிறவர்கள்' என்றே அழைத்தார்கள். அப்போது பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் இதில் அதிகம்.

அந்தக் காலத்து ஆசிரியர் ஒருவரின் கவலை எனக்கு மிகவும் பிடிக்கும். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த ஒரு டீக்கன் (திருத்தொண்டர்), தான் சொல்லிக்கொடுப்பது தனக்கே சலிப்பாக இருக்கிறது, என்ன செய்வது என்று ஆயர் அகுஸ்தீனாரிடம் கேட்டார். கி.பி. 400 வாக்கில் அகுஸ்தீனார் அதற்கு ஒரு புத்தகமாகவே பதில் எழுதினார். முதலில் நீ மகிழ்ச்சியோடு சொல், கேட்பவர் கொட்டாவி விட்டால் அவர் மனம் விழிக்கும்படி ஏதாவது பேசு, நின்று களைத்திருந்தால் உட்காரச் சொல் என்பவை அதில் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வேதபாடம் எடுக்கிறவர்களுக்கு இது இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

கேள்வி-பதில் புத்தகம் என்ற பொருள் பரவலானது பின்னால்தான். 1529-ல் சீர்திருத்தச் சபைகளின் முன்னோடியான மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய கேட்டகிசம் அதில் பெரும்பங்கு வகித்தது. ஜெர்மனியின் சாக்சனி கிராமச் சபைகளை நேரில் போய்ப் பார்த்து, மக்களுக்கு அடிப்படையே தெரியவில்லை என்று வருந்தி அவர் எழுதியது அது. ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் "இது என்ன?" என்று ஒரு கேள்வி வரும். குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தலைப்பிலேயே சொல்லியிருப்பார். வீட்டுக்காக எழுதியது, காலப்போக்கில் பள்ளிக்கூடத்து மனப்பாடமாக மாறிவிட்டது. நான் சிறுவயதில் படித்த இடத்தில் ஒரு வார்த்தை பிசகினால் பிரம்படி. பதில்கள் இன்றும் ஞாபகம் இருக்கின்றன. கூடவே அந்தப் பிரம்பும்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்?

முதலில் கிடைத்த பெயர் 'வணக்கம்'. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற இயேசு சபைக் குரு தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரையில் தமிழ் கற்று, 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி இன்று நமக்குக் கிடைப்பவற்றில் பழமையானது அதுதான். மறுவருடம் கொச்சியில் வந்த 'கிரீசித்தியானி வணக்கம்' ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வதுபோல் அமைந்தது. தமிழ் அச்சு, விசுவாசத்தைச் சொல்லிக்கொடுப்பதற்காகவே பிறந்தது என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

அப்புறம் 'ஞானோபதேசம்'. 1606-ல் மதுரைக்கு வந்த, தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இயேசு சபைக் குரு நொபிலி 'ஞானோபதேச காண்டம்' எழுதினார். 'உபதேசம்' வடசொல்தான். ஆனால் குரு சீடனின் காதில் மந்திரத்தைச் சொல்வதை உபதேசம் என்று சொல்லும் வழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது. அதனால் கிரேக்கச் சொல்லின் காது இதில் தப்பிப் பிழைத்திருக்கிறது. சீர்திருத்தச் சபைகளில் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் 'உபதேசியார்' இந்த வழியில் வந்தவர். கத்தோலிக்க ஊர்களில் அவர் 'வேதியர்'.

'வினாவிடை' புத்தகத்துக்குப் பொருத்தமான பெயர். கற்பித்தல் முழுவதையும் அது தாங்காது.

இன்று கத்தோலிக்கரிடம் வழங்கும் 'மறைக்கல்வி' நல்ல தமிழ். மறை என்றால் வேதம், மறைந்திருப்பது என்ற பொருளும் அதற்குள் உண்டு. வகுப்பின் பெயராக நான் இதையே பரிந்துரைப்பேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நம் கிறிஸ்தவத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் பிற சமயப் பிள்ளைகளும் சேர்ந்தே படிக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) சொல்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கான நன்னெறி வகுப்பை மறைக்கல்வி என்று அழைக்கக் கூடாது. மறைக்கல்வியை நன்னெறி என்று பெயர் மாற்றி நடத்துவதும் நேர்மையாகாது.

ஆனால் வேர்ப்பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் நம் வாயிலேயே இருக்கிறது. அது 'கேள்வி'. திருக்குறளில் 42ஆம் அதிகாரத்தின் பெயர் அது. "செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்" என்றுதான் அந்த அதிகாரம் தொடங்கும். காதால் கேட்டு அறிவதும் கேள்வி, வாயால் வினவுவதும் கேள்வி. கிரேக்கச் சொல்லில் ஒலி உள்ளே இறங்குவதைத்தான் பார்க்கிறோம். தமிழ்ச்சொல்லில் அது பிள்ளையின் குரலாகத் திரும்பியும் வருகிறது. முன்வரிசைப் பிள்ளை அன்றைக்கு இரண்டையும் சேர்த்தே பிடித்துவிட்டாள்.

இப்போதெல்லாம் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளுக்கு. போன வாரம் ஒருவன், "சாமி தூங்குவாரா டீச்சர்?" என்றான். 121ஆம் சங்கீதத்தை எடுத்து, காக்கிறவர் உறங்குவதில்லை என்று வாசித்தோம். உடனே பின்வரிசையிலிருந்து, "இயேசு படகுல தலையணை வச்சுத் தூங்கினாரே!" என்று ஒரு குரல். மணி அடித்துவிட்டது. வீட்டில் அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.